மைதானத்து ஓரத்தில் நிற்கும் வெள்ளை வேன்

அதிகாலை நான்கரை மணி. சென்னைக்கு வெளியே ஓர் அரை மாரத்தான். ஓட்டம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. ஏற்பாட்டாளர்கள் வாடகைக்கு எடுத்திருந்த தனியார் ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறக்கச் சொன்னேன். ஸ்ட்ரெச்சரின் மேல் ஓட்டுநரின் போர்வையும் டிபன் பெட்டியும் இருந்தன. ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது, அதைத் திறக்கும் சாவி இல்லை. எங்கேயோ தேடி எடுத்துத் திறந்தபோது, அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் நாற்பதைத் தாண்டவில்லை. பத்து லிட்டர் கொள்ளளவுள்ள பி வகை சிலிண்டர் நிரம்பியிருந்தால் முள் 150இல் நிற்கும். ஏறக்குறைய 1,500 லிட்டர் ஆக்சிஜன். நாற்பது என்றால் 400 லிட்டர். மூச்சுத் திணறுகிறவருக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் கொடுத்தால் அரை மணி நேரம்கூடத் தாங்காது.

“ஆஸ்பத்திரி பக்கத்தில்தானே சார் இருக்கிறது” என்றார் ஓட்டுநர். அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. அவரிடம் வண்டி கேட்டார்கள், வண்டியோடு வந்திருந்தார்.

கோளாறு கொட்டேஷனிலேயே தொடங்கிவிடுகிறது. பந்தல், மைக் செட், குடிநீர் கேன் வரிசையில் ‘ஆம்புலன்ஸ் 1, டாக்டர் 1, நர்ஸ் 2’ என்று ஒரு வரி. எந்த ஆம்புலன்ஸ்? ஏ.ஐ.எஸ். 125 என்ற இந்தியத் தரவிதி ஆம்புலன்ஸ்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. நோயாளியை ஏற்றிச் செல்ல மட்டுமே பயன்படுவது ஒரு வகை. உயர்நிலை உயிர்காப்புக் கருவிகளோடு வருவது இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் அதே வெள்ளை நிறம், அதே சைரன். வாடகையில்தான் வித்தியாசம் தெரியும். குறைந்த வாடகை சொன்னவருக்கே வேலை போகிறது.

டாக்டர் விஷயமும் அப்படித்தான். பட்டம் இருக்கிறதா என்று கேட்பவர்கள், கடைசியாக எப்போது ஒருவரின் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயன்றார் என்று கேட்பதில்லை. இதயம் நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. மின்னதிர்ச்சிக் கருவி முதலுதவிக் கூடாரத்தில் பத்திரமாக இருந்து, ஆள் எட்டாவது கிலோமீட்டரில் விழுந்தால் என்ன பயன்?

மாரடைப்புக்காவது எல்லோரும் பயப்படுகிறார்கள். வெப்பவாதத்தை (ஹீட் ஸ்ட்ரோக்) யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர் தள்ளாடுவார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார், தாங்கிப் பிடிக்க வருபவரையே தள்ளிவிடுவார். குடித்திருக்கிறாரோ என்றுகூடச் சந்தேகப்படுவார்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும்; நெற்றிக்கு நேரே நீட்டும் தெர்மாமீட்டரோ 37 என்று காட்டி ஏமாற்றும். ஆசனவாய் வழியாக அளந்தால்தான் உண்மை தெரியும். கூச்சப்பட நேரமில்லை.

இவரை அவசரமாக வண்டியில் ஏற்றி அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகே அனுப்ப வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வெப்பம் 39க்குக் கீழே இறங்க வேண்டும். அதற்கு ஒரு தார்ப்பாய், ஐஸ், தண்ணீர், நான்கைந்து பேர் போதும். நடுவில் அவரைக் கிடத்தி, ஓரங்களைத் தொட்டில்போலத் தூக்கிப் பிடித்து, ஐஸ் தண்ணீரை ஊற்றி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலை மட்டும் நீருக்கு மேலே. தார்ப்பாய் பந்தல்காரரிடமே இருக்கும். ஐஸ், மீன் சந்தைக்கு வருகிற அதே பார் ஐஸ்தான், உடைத்துப் போட வேண்டியது. மேடையின் பூ அலங்காரத்தைக் கொஞ்சம் குறைத்தால் இந்தச் செலவு தெரியவே தெரியாது.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சியைப் பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் ஓட வந்தவர்கள் அல்லர். வெயிலில் நின்று வானத்தைப் பார்க்க வந்தவர்கள். அங்கே இருந்தது அரசின் மருத்துவ ஏற்பாடு. தனியாரா அரசா என்று வெயில் பார்ப்பதில்லை. நெரிசலில் வண்டி நகர முடியாதபோது, நின்ற இடத்தில் என்ன செய்ய முடியும் என்பதே கேள்வி.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். இருக்கும் ஒரே ஆம்புலன்ஸ் முதல் நோயாளியோடு கிளம்பிப் போன பிறகு மைதானத்தில் என்ன இருக்கும்? பெரும்பாலும் பதில் ‘108’ என்றுதான் வரும். 108 ஊருக்கெல்லாம் பொதுவான வண்டி. நம் நிகழ்ச்சிக்காக வாசலில் காத்துக்கொண்டிருக்காது.

அன்றைய ஓட்டம் இருபது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. அருகிலிருந்த மருத்துவமனையிலிருந்து நிரம்பிய சிலிண்டர் வந்து, முள் 150இல் நின்ற பிறகே கொடி அசைக்கச் சம்மதித்தேன். ஒலிபெருக்கியில் ‘சிறு தொழில்நுட்பக் காரணம்’ என்று அறிவித்தார்கள்.