பிக் பென்: மணியின் பெயர்

புத்தாண்டுச் செய்தியில் மறுபடியும் அதே வரி: “லண்டனின் பிக் பென் கடிகாரக் கோபுரம் ஒலித்தது.” ஒரே வரியில் இரண்டு தவறு. பிக் பென் கோபுரமும் இல்லை, கடிகாரமும் இல்லை. உள்ளே தொங்கும் பெரிய மணியின் செல்லப்பெயர் அது. 1858இல் வார்த்த மணி, எடை 13.7 டன். பென் என்பது பெஞ்சமின். கட்டடப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்த, ஆள் வாட்டசாட்டமான சர் பெஞ்சமின் ஹால்தான் அவர் என்பார்கள். குத்துச்சண்டை வீரர் பெஞ்சமின் கான்ட் என்போரும் உண்டு. எப்படியும் ஆள்பெயர். ‘பெரிய பென்’ என்று பெயர்க்க வேண்டியதில்லை. கட்டடத்துக்கு 2012 முதல் ராணி இரண்டாம் எலிசபெத்தின் பெயர்.

சரி, அந்தக் கட்டடத்தைத் தமிழில் என்னவென்று சொல்வது? மணிக்கூண்டு. திண்டுக்கல்லிலும் ஈரோட்டிலும் பேருந்தில் ஏறி “மணிக்கூண்டு ஒண்ணு” என்று சீட்டு வாங்குகிறோமே, அதே சொல். ‘கடிகாரக் கோபுரம்’ அகராதியைப் பார்த்து ஒட்டவைத்தது. கடிகாரத்தின் வேரான கடிகை என்பது நாழிகை, அதாவது 24 நிமிடம். அதில் மணியோசையே கிடையாது. கோபுரம் என்றாலோ நம் கண்முன் கோயில் வாசல்தான் வந்து நிற்கிறது. ஆங்கிலக் ‘கிளாக்’கின் வேரோ மணியைக் குறித்த லத்தீன் சொல், ஜெர்மனியில் ‘குளோக்கெ’ என்றால் இன்றும் மணிதான். ஆங்கிலத்தில் மறைந்துபோன மணி நம் சொல்லில் முன்னாலேயே நிற்கிறது. “மணி என்ன?” என்று நேரம் கேட்கிற மொழி இது. கையில் இருப்பதை விட்டுவிட்டு ஏன் புதிதாகச் செய்கிறார்கள்?

96 மீட்டர் உயரத்தைக் கூண்டு என்பதா என்று ஒரு நண்பர் கேட்டார். கூண்டு உயரத்தைச் சொல்லவில்லை, எது குடியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் மணிக்கூட்டுக் கோபுரம் என்கிறார்கள். அங்கே கடிகாரமே மணிக்கூடு என்பதால் அதிலும் மணி இருக்கிறது; எனக்குச் சண்டையில்லை. நாகர்கோவிலின் மணிமேடையும் அப்படித்தான். மக்கள் தாமாக வைத்த பெயர் எதிலும் மணி விட்டுப்போகவில்லை. மொழிபெயர்ப்பாளர் மேசையில்தான் விட்டுப்போகிறது. மூலத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொல் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற அவசரம். ஊரில் அதற்கு என்ன பேர் என்று யாரும் யோசிப்பதில்லை.

அந்தச் செய்தியை இப்படி வாசித்திருக்கலாம்: “லண்டன் எலிசபெத் மணிக்கூண்டில் பிக் பென் பன்னிரண்டு அடித்தது.”