தாலியம் ஸ்கேனுக்கு முன்னால் காபி ஏன் கூடாது?

மாம்பலம் ரயில் நிலையப் படிகளில் பாதி ஏறுவதற்குள் பெரியம்மாவுக்கு நெஞ்சை அடைத்தது. ஈசிஜி, எக்கோ இரண்டிலும் தெளிவாக எதுவும் தெரியவில்லை. இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்கும் தாலியம் ஸ்கேனை டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஸ்கேனுக்கு முந்தின நாளிலிருந்தே காபி, டீ கூடாது என்றார்கள். ஃபில்டர் காபி இல்லாமல் பெரியம்மாவுக்குப் பொழுது விடியாது. ஏன் இந்தத் தடை?

எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து உடலை ஊடுருவும். இங்கே கதிர்வீசும் மருந்தைக் கையிலுள்ள ரத்தக்குழாயில் ஏற்றி, உள்ளேயிருந்து வரும் காமா கதிர்களைக் கேமராவால் பிடிக்கிறார்கள். தாலியம் என்ற பழைய பெயர் ஒட்டிக்கொண்டாலும் இன்று பெரும்பாலும் போடுவது டெக்னீசியம்-99எம் என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள். 6 மணி நேரத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். வாங்கி அடுக்கிவைக்க முடியாது. அதனால் டெக்னீசியமாக மாறிக்கொண்டே இருக்கும் மாலிப்டினம்-99 அடங்கிய, ஜெனரேட்டர் என்ற கலனை வரவழைத்து, உப்புநீரைச் செலுத்தி, அதில் உருவாகியிருக்கும் டெக்னீசியத்தை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். இந்தத் துறையில் இதற்குப் பெயரே பால் கறப்பது! மறுநாள் மறுபடி சுரந்திருக்கும்.

ரத்தம் போகும் இடமெல்லாம் மருந்தும் போய் இதயத் தசையில் தங்கும். அங்கே படம் பளிச்சென்று தெரியும். ரத்தம் குறைந்த இடம் மங்கும். ஆனால் ஓய்வாக இருக்கும்போது சுருங்கிய ரத்தக்குழாய்கூடச் சமாளித்துவிடும். அதனால்தான் டிரெட்மில்லில் நடக்க வைக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அடினோசின் ஊசி. அது நல்ல குழாய்களை விரித்து, ரத்த ஓட்டத்தை மூன்று நான்கு மடங்காக்கும். அடைப்புள்ள குழாய் ஏற்கெனவே முடிந்த அளவு விரிந்துதான் இருக்கும், அதற்குமேல் முடியாது. அந்த வித்தியாசம்தான் படத்தில் தெரிகிறது. காபி, டீயில் இருக்கும் காஃபீனோ, அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். குழாய்கள் சரியாக விரியாது. அடைப்பு இருந்தும் படம் நன்றாக வந்துவிடலாம். ஒரு டம்ளர் காபியால் நோயே மறைந்துபோகக்கூடும் என்பதால், இந்தத் தடையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் ஓய்விலும் ஒரு படம். முதலில் மங்கி, ஓய்வில் தெளிந்தால் தசை உயிரோடு இருக்கிறது, ரத்தம்தான் போதவில்லை. இரண்டிலும் மங்கினால் பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பு. பெரியம்மாவுக்கு முதல் வகை.

நுரையீரலுக்கும் இதே வழிதான். டெக்னீசியம் ஏற்றிய நுண்ணிய அல்புமின் புரதத் துகள்கள் நுரையீரலின் தந்துகிகள் என்ற மிக மெல்லிய ரத்தக்குழாய்களில் சிக்கி நிற்கும். ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான தந்துகிகளே அடைபடுவதால் மூச்சுக்குப் பாதிப்பில்லை, சில மணி நேரத்தில் துகள்களும் கரைந்துவிடும். மூச்சில் இழுத்த கதிரியக்கக் காற்று ஒரு பகுதிக்குப் போகிறது, ரத்தம் மட்டும் போகவில்லை என்றால், அங்கே ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்றுதான் டாக்டர் முதலில் பார்ப்பார். சிறுநீரகக் கோளாறால் சிடி ஸ்கேனுக்கான கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்ற முடியாதவர்களுக்கு இந்தச் சோதனை பெரிய துணை.