மணி பிளான்ட்: செடியா, கொடியா?

நர்சரியில் போய் 'எபிப்ரெம்னம் ஆரியம்' வேண்டும் என்றால் விழிப்பார்கள். 'போத்தோஸ்' என்றால் சிலருக்குப் புரியும். 'மணி பிளான்ட்' என்றால் கேட்டு முடிப்பதற்குள் தொட்டியோடு கைக்கு வந்துவிடும். மூன்றும் ஒரே தாவரம்தான்.

இவற்றில் சுவையான கதை போத்தோஸுடையது. இலங்கையில் மரமேறும் ஒரு கொடியின் சிங்களப் பெயர் 'போத்தா'. தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1753இல் அதையே ஒரு பேரினத்தின், அதாவது நெருங்கிய உறவுள்ள தாவரங்களின் கூட்டத்தின், பெயராக்கினார். முருங்கைப் போத்து, கிளுவைப் போத்து என்று நாம் சொல்லும் 'போத்து' காதில் ஒன்றுபோல் விழுந்தாலும், அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். நம் வீட்டு மணி பிளான்டோ இலங்கையைச் சேர்ந்ததே அல்ல. அதன் ஊர் பசிபிக் கடலில் தஹீத்திக்குப் பக்கத்திலுள்ள மொரேயா தீவு. 1880இல் அதை விவரித்த தாவரவியலாளர்கள் லிண்டனும் ஆந்த்ரேயும் 'போத்தோஸ் ஆரியஸ்' என்று பெயரிட, பசிபிக் கொடிக்கு இலங்கைப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். இது சேம்புக் குடும்பத்துக் கொடி. அந்தக் குடும்பத்தில் எது எந்தப் பேரினம் என்று பூவை வைத்துத்தான் பிரிப்பார்கள். இதுவோ பூப்பதே அபூர்வம். அதற்கு வேண்டிய ஜிப்ரலின் ஹார்மோனைத் தேவையான அளவு தயாரிக்க முடியாதபடி இதன் மரபணுவிலேயே கோளாறு. 1908இல் சிண்டாப்சஸ் பேரினத்துக்கு மாற்றினார்கள். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் ஆனைத்திப்பிலி அந்த வீட்டுப் பிள்ளைதான். 1960களில் பூ கண்ணில் பட்ட பிறகு வேறொரு பேரினம். கடைசியில் 1964இல் எபிப்ரெம்னம். கிரேக்கத்தில் 'அடிமரத்தின் மேல்' என்று பொருள். ஆரியம் என்பது 'பொன்னிறமான' எனப் பொருள்படும் லத்தீன் சொல். நம் ஆரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

'மணி பிளான்ட்' என்பது ஊருக்கு ஊர் ஆள் மாறும் பெயர். அமெரிக்காவில் காசு போன்ற காய் காய்க்கும் லூனாரியாவை அப்படி அழைப்பார்கள். நம்மூரில் இது ஒன்றுதான். இதைத் திருடி வைத்தால்தான் பணம் சேரும் என்று ஒரு நம்பிக்கை வேறு! மாடியிலிருந்து தொங்கும் நுனிகள் காணாமல் போவதற்கு அது வசதியான சாக்கு.

தமிழில் பலர் 'பணச்செடி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இது செடியல்ல, கொடி. 'பணக்கொடி' என்பதே சரி. 'பொற்கொடி' லத்தீன் பெயருக்கு நெருக்கம்தான். ஆனால் தெருவுக்கு இரண்டு பொற்கொடிகள் இருப்பார்கள், குழப்பம் வேண்டாம்.

கொடி என்று சொல்வதில் வளர்க்கும் முறையும் அடங்கியிருக்கிறது. கணுவுக்குக் கணு பழுப்பாக ஒரு முடிச்சு துருத்திக்கொண்டிருக்கும் பாருங்கள், அதுதான் பற்றுவேர். பற்ற ஏதும் கிடைக்காமல் தொங்கினால் இலைகள் வரவரச் சிறுக்கும், கணுக்களுக்கு இடையே நீளம் கூடும். தேங்காய் நார் சுற்றிய கம்பைத் தொட்டியில் ஊன்றி, ஈரமாக வைத்து, கொடியை அதில் கட்டிவிட்டால் இலைகள் அகலும். பெரிய மரத்தில் ஏற விட்டால் இலை முறம் அளவு ஆகி ஓரத்தில் கிழியும். மணி பிளான்ட் என்றால் நம்பமாட்டார்கள்.

புதிதாக வைக்க, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கணு முங்கும்படி தண்ணீரில் போடுங்கள். கணு இல்லாத வெறும் இலை வேர் விட்டாலும் கொடியாகாது. வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதும். தொட்டியில் என்றால் மேல்மண் விரலுக்குக் காய்ந்த பிறகே தண்ணீர். அடி இலைகள் வரிசையாக மஞ்சளித்தால் பெரும்பாலும் தண்ணீர் கூடிப்போய் வேர் அழுகுகிறது. வெளிச்சம் குறைந்த மூலையில் சாகாது, ஆனால் பொன் வரிகள் மங்கிப் பச்சையாகிவிடும். ஜன்னலோரம் நல்லது, உச்சி வெயில் ஆகாது.

சேம்பு இனம் என்பதால் இலையிலும் தண்டிலும் அதே அரிப்புதான்: ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். பூனையோ தவழும் குழந்தையோ கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். அவர்களுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கழித்த கொடியைக் காட்டுப் பக்கம் எறியாதீர்கள். ஹவாயிலும் இலங்கையிலும் அது காட்டுக்குள் பரவிக் கிடக்கிறது.