நீதிபதிகளின் ‘தொடர்கல்வி’: ஒரு சொல் விளக்கம்

பணியில் சேர்ந்த நீதிபதிகள் மேற்கொண்டு கற்பதைக் குறிக்கப் ‘பயிற்சி’, ‘பணியிடைப் பயிற்சி’, ‘புத்தாக்கப் பயிற்சி’ ஆகிய சொற்கள் நம்மிடம் வழங்குகின்றன. இங்கிலாந்தில் இந்தப் பெயரே ஒருகாலத்தில் விவாதப் பொருளாயிற்று. நீதிபதியைப் ‘பயிற்றுவிப்பது’ அவருடைய சுதந்திரத்தில் தலையிடுவதாகும் என்ற எதிர்ப்பு எழவே, நீதியரசர் பிரிட்ஜ் தலைமையிலான குழு 1978ஆம் ஆண்டு அறிக்கையில் அச்சொல்லை விடுத்து, ‘நீதித்துறைப் படிப்பு’ என்று பொருள்படும் தொடரை ஏற்றது; நீதிபதிகளின் கல்விக்காக மறு ஆண்டு தொடங்கிய வாரியமும் அப்பெயரையே தாங்கியது.

தமிழில் அந்த அச்சம் அவ்வளவாகத் தேவையில்லை. ‘பயில்’ என்னும் வேர்ச்சொல் ஒன்றை மீண்டும் மீண்டும் செய்து பழகுதலைக் குறிப்பது. பயிலுதல் தானே செய்வது, பயிற்றுதல் பிறர் செய்விப்பது. தீர்ப்புரை எழுதுதல், சாட்சியம் பதிவு செய்தல், வழக்குப் பட்டியலை ஒழுங்குபடுத்துதல் போன்றவை பழகப் பழக வருபவை என்பதால், புதிதாகத் தேர்வானவர்களுக்குப் ‘பயிற்சி’ என்பதே சரியான சொல். உரிமையியல் நீதிபதிகளாகத் தேர்வானோர் நீதிமன்றத்தில் அமர்வதற்கு முன் குறைந்தது ஓராண்டு பயிற்சி பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத் தீர்ப்பில் கூறியிருப்பதும் இந்தப் பொருளில்தான்.

பல்லாண்டு அனுபவமுள்ள நீதிபதியின் நிலை வேறு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் நீங்கி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது, பிரிவு எண்கள் முதல் மின்னணுச் சான்றுகள் வரை அவர் புதிதாக அறிய வேண்டியிருந்தது. ஓர் எளிய மனிதரின் விடுதலையே அந்த அறிவைச் சார்ந்திருக்கும்போது, அதைப் பழக்கம் என்று சுருக்கலாகாது, அது கல்வி.

‘பணியிடை’ என்பதில் ‘இடை’ நடுவே என்று பொருள்படுவதால் இலக்கணப்படி குறையில்லை. எனினும் ‘பணியிடை நீக்கம்’ என்ற தொடர் காதில் பதிந்துவிட்ட பிறகு நீதிபதிக்கு அது பொருந்தி ஒலிக்கவில்லை. ‘புத்தாக்கம்’ இன்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கே பெரிதும் வழங்குகிறது. ஆகவே தொடக்கத்தில் பெறுவதைப் ‘பணிமுன் பயிற்சி’ என்றும் பின்னர்க் கற்பதைத் ‘தொடர்கல்வி’ என்றும் பிரித்து வழங்குவதே தெளிவானது.

இவை நடைபெறும் இடத்தை ‘அகாடமி’ என்கிறோம். ஏதென்சுக்கு அருகே பிளேட்டோ கற்பித்த சோலையின் பெயரிலிருந்து வந்த சொல் அது. 2002இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்த போபால் தேசிய நீதித்துறை அகாடமியைத் தமிழில் ‘தேசிய நீதித்துறைப் பயிலகம்’ எனலாம். பயிலும் இடம் என்னும் பொருள் அதில் நேரே விளங்குகிறது.