நோயாளியின் கட்டிலருகே ஒரு கைப்பேசி

ஒரு நாள் விடியற்காலை நான்கரை மணியளவில், முந்தைய நாள்தான் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அடுத்த நிலை வார்டுக்கு மாற்றப்பட்டிருந்த ஒரு முதியவரின் சிரிஞ்சு பம்பு இடைவிடாமல் ஒலிக்கத் தொடங்கியது. இரத்த அழுத்தம் விழாமல் தாங்கிப் பிடிக்கும் மருந்து அந்தப் பம்பின் வழியாகத்தான் மணிக்கு 3 மில்லி வீதம் அவருக்குள் சென்றுகொண்டிருந்தது. அது சில நிமிடங்கள் நின்றாலே அழுத்தம் கிடுகிடுவென இறங்கிவிடும். செவிலியர் ஓடிச் சென்று பார்த்தபோது, பம்பின் பிளக் சுவரிலிருந்து கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது. அதற்குரிய துளையில் ஒரு செல்போன் சார்ஜர் செருகப்பட்டிருந்தது. இரவு பத்து மணிக்குத் தன் போனில் சார்ஜ் தீர்ந்துபோனதால், நோயாளியின் மகன் கைக்கு எட்டிய பிளக்கைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதைச் செருகிவிட்டுத் தூங்கிப் போயிருந்தார். பேட்டரி முற்றிலும் தீர்வதற்கு முன்பே பம்பு எச்சரித்ததால் அந்த முதியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுங்கிக்கொண்டு நின்ற மகன் என்னிடம், "மெஷின் ஓடிக்கொண்டுதானே இருந்தது, டாக்டர்? லைட்கூட எரிந்ததே" என்றார். அவர் சொன்னது உண்மை. மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் உள்ளே இருக்கும் பேட்டரியில் அந்தக் கருவி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓர் ஓரத்தில் சிறிய விளக்கொன்று மட்டும் நிறம் மாறும். அதைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அந்த வார்டின் வாசலில் "செல்போன் பயன்படுத்தக் கூடாது" என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை இருந்தது. அந்த இளைஞர் அதை மதித்தவர்தான். முந்தைய நாள் மாலை முழுவதும் வெளியே வராந்தாவுக்குச் சென்றுதான் போன் பேசினார். ஆபத்துக் குறைவான ஒன்றைப் பலகை தடுத்தது, ஆபத்து மிகுந்த ஒன்றைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. மயக்கவியல் மருத்துவராகவும் தீவிர சிகிச்சை மருத்துவராகவும் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்ட எனக்கு, மருத்துவமனைக்குள் கைப்பேசியைப் பற்றிய நம் அச்சங்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் நிற்கின்றன என்று உறுதியாகத் தோன்றுகிறது.

முதலில் அந்தப் பழைய அச்சத்தைப் பார்ப்போம். கைப்பேசியிலிருந்து வெளிப்படும் மின்காந்த அலைகள் மருத்துவக் கருவிகளைக் குழப்பிவிடும் என்ற கவலை 1990களில் எழுந்தது. அது வெறும் கற்பனையும் அல்ல. அக்காலத்து ஜி.எஸ்.எம். (2ஜி) கைப்பேசிகள் உச்ச நிலையில் 2 வாட் வரை ஆற்றலை வெளியிட்டன. அழைப்பு வருவதற்குச் சற்று முன்பு வானொலிப் பெட்டியிலோ ஒலிபெருக்கியிலோ "டிட்டிட் டிட்டிட்" என்று ஓர் இரைச்சல் கேட்குமே, அதே அலைகள்தான் நோயாளியின் மார்பில் ஒட்டியிருக்கும் இ.சி.ஜி. வயர்களிலும் புகுந்து மானிட்டரில் இல்லாத துடிப்பை இருப்பதுபோல் காட்டக்கூடியவை. நீளமான அந்த வயர்கள் ஆன்டெனாவைப் போலவே செயல்படும். ஆகவேதான் பல நாடுகளில் மருத்துவமனைகள் ஒட்டுமொத்தமாகத் தடை விதித்தன.

பிறகு இரண்டு பக்கமும் மாற்றம் வந்தது. 3ஜி, 4ஜி கைப்பேசிகளின் உச்ச ஆற்றல் கால் வாட் அளவுக்குக் குறைந்தது. மருத்துவக் கருவிகள் இத்தகைய அலைகளைத் தாங்க வேண்டும் என்ற ஐ.இ.சி. 60601-1-2 என்னும் பன்னாட்டுத் தரநிலையும் படிப்படியாகக் கடுமையாக்கப்பட்டது; 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, கைப்பேசி போன்ற கருவிகள் 30 செ.மீ. அருகில் வந்தாலும் மருத்துவக் கருவி பிழையின்றி இயங்குகிறதா என்று சோதிக்கச் சொல்கிறது. 2007ஆம் ஆண்டு வெளியான இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் நிலைமை நன்றாக விளங்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 75 நோயாளி அறைகளில், கைப்பேசிகளை வழக்கமாகப் பயன்படுத்தும் விதத்திலேயே பயன்படுத்தி 300 சோதனைகள் செய்தார்கள். ஒன்றில்கூடச் சிகிச்சையைப் பாதிக்கும் இடையூறு இல்லை. நெதர்லாந்தில் 61 கருவிகளை நோக்கி அலைபரப்பியை நெருக்கிக் கொண்டுசென்று பார்த்தார்கள். 26 கருவிகளில் இடையூறு ஏற்பட்டது, அவற்றுள் வென்டிலேட்டர்களும் சிரிஞ்சு பம்புகளும் உண்டு. ஆனால் அந்த இடையூறுகளில் பாதி, அலைபரப்பி வெறும் 3 செ.மீ.க்குள் நெருங்கியபோதுதான் ஏற்பட்டன. இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கட்டிலின் மறுபக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேசுபவரால் கருவிக்குத் தொல்லை வருவது மிகவும் அரிது. பேசிவிட்டு அதே போனை வென்டிலேட்டரின் தலையிலோ பம்பின் மேலோ வைப்பவரால்தான் தொல்லை வரக்கூடும். எங்கள் பிரிவில் நான் சொல்லும் ஒரே தூரக் கணக்கு ஒரு மீட்டர். அதாவது கையை முழுவதும் நீட்டினாலும் கருவியைத் தொட முடியாத தொலைவு. அடித்தளத்திலும் லிஃப்டின் அருகிலும் சிக்னல் குறைவாக இருக்கும்போது, கோபுரத்தை எட்டிப் பிடிப்பதற்காகக் கைப்பேசி தன் ஆற்றலைக் கூட்டிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இதில் ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. அது அலையால் வருவதல்ல, காந்தத்தால் வருவது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களிடம் மருத்துவர்கள் வேண்டுமென்றே ஒரு காந்தத்தை மார்பின்மேல் வைப்பதுண்டு. அப்படி வைத்தால் பேஸ்மேக்கர் இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல் ஒரே சீராகத் துடிக்கவைக்கும். அதிர்ச்சி கொடுத்து உயிர் காக்கும் ஐ.சி.டி. கருவியோ, காந்தம் அருகில் இருக்கும்வரை ஆபத்தான துடிப்பைக் கண்டறிவதையே நிறுத்திவிடும். அறுவை அரங்கில் நாங்கள் தெரிந்தே செய்யும் இந்தக் காரியத்தை, சட்டைப் பையில் இருக்கும் ஒரு கைப்பேசி யாருக்கும் தெரியாமல் செய்துவிடலாம். 2020இல் வெளிவந்த ஐபோன் 12 வரிசையில் சார்ஜ் செய்வதற்காக வலுவான காந்த வளையம் வைக்கப்பட்டது, அதை ஐ.சி.டி. இருக்கும் மார்பின்மேல் வைத்தபோது கருவி செயலை நிறுத்தியதை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். இத்தகைய போனைக் கருவியிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் தள்ளி வைக்க வேண்டும், வயரில்லாமல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் 30 செ.மீ.க்கு மேல் தள்ளி வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே அறிவுறுத்துகிறார். வீட்டில் பேஸ்மேக்கர் பொருத்திய பெரியவர் இருந்தால், இடது மார்புப் பையில் போன் வைக்கும் அவருடைய பழக்கத்தை இன்றே மாற்றிவிடுங்கள். காந்தம் என்றதும் எம்.ஆர்.ஐ. அறையையும் சொல்லிவிட வேண்டும். அந்த அறைக்குள் கைப்பேசி போகவே கூடாது. ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் விழித்தேதான் இருக்கிறது.

ஆக்சிஜன் அருகே போன் பேசினால் வெடித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆக்சிஜன் தானாக எரியக்கூடிய வாயு அல்ல. எரியும் பொருளை வேகமாக எரியவைக்கும் வாயு. காற்றில் 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் சற்றுக் கூடினாலும் ஒரு சிறு பொறி பெருந்தீயாக மாறும். மாஸ்க் வழியாக ஆக்சிஜன் கசியும் தலையணையும் போர்வையும் நேரம் ஆக ஆக அதை உள்ளிழுத்து வைத்துக்கொள்கின்றன. அங்கே பேச்சைவிட அஞ்ச வேண்டியது, தலையணைக்கடியில் சூடேறிக்கொண்டு சார்ஜ் ஆகும் போனையும், தோல் உரிந்து கம்பி தெரியும் சார்ஜர் வயரையும்தான். ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளியின் படுக்கையில் எதையும் சார்ஜ் போடாதீர்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அது கை.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பிரிவில் மருத்துவர்கள், செவிலியர்கள் எல்லாருடைய கைப்பேசிகளிலிருந்தும் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்து நுண்ணுயிர்ச் சோதனைக்கு அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து ஆய்வகத்திலிருந்து வட்டத் தட்டுகள் வந்தன. என் பெயர் எழுதிய தட்டில், பொன்மஞ்சள் நிறத்தில், சிறு மணிகளைப்போல் வரிசையாக ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவின் கூட்டங்கள் வளர்ந்திருந்தன. நான் சோப்புப் போட்டுக் கை கழுவுவதில் கண்டிப்பானவன். ஆனால் கழுவிய கையோடு போனை எடுத்துப் பேசிவிட்டு, அப்படியே அடுத்த நோயாளியின் கழுத்து இரத்தநாளத்தில் செருகிய குழாயைத் தொட்டிருக்கிறேன் என்பதற்கு அந்தத் தட்டு சாட்சி சொன்னது. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. துருக்கியில் 200 மருத்துவமனைப் பணியாளர்களிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் 94.5 விழுக்காடு கைப்பேசிகளில் பாக்டீரியாக்கள் இருந்தன. அவை எல்லாமே நோய் உண்டாக்குபவை அல்ல. நம் தோலில் இயல்பாக வாழ்பவையும் அவற்றுள் உண்டு. ஆயினும் மருந்துக்கு அடங்காத சில கிருமிகள் உலர்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கக் கூடியவை. நாம் எப்போதும் கையில் பிடித்துச் சூடாக வைத்திருந்தும் எப்போதுமே கழுவாத ஒரே பொருள் கைப்பேசிதான்.

நோயாளியைப் பார்க்க வருபவர்களுக்கும் இதே கணக்குத்தான். கையைச் சுத்தம் செய்துகொண்டு உள்ளே வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மறுகையால் போனைத் தடவினால், கை கழுவியதன் பயன் அங்கேயே முடிந்துவிடுகிறது. உள்ளே நுழைவதற்கு முன் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கை கழுவுங்கள். இடையில் போனை எடுத்தால் மறுபடியும் கை கழுவுங்கள். 70 விழுக்காடு ஆல்கஹால் தோய்ந்த துடைப்பானால் போனை ஒரு நாளைக்கு ஒரு முறையாவது, உறையைக் கழற்றிவிட்டு, துடைத்து எடுக்கலாம். திரவத்தை நேரடியாகப் போன்மேல் தெளிக்காதீர்கள். கையுறை அணிந்த கையோடு போன் பேசும் செவிலியரையோ மருத்துவரையோ கண்டால், தயங்காமல் "கையுறையை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நல்ல மருத்துவர் எவரும் நினைக்க மாட்டார்.

எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களின் குறையை மறைக்க நான் விரும்பவில்லை. அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் இதயமாகவும் நுரையீரலாகவும் இயங்கும் இயந்திரத்தைக் கவனித்துக்கொள்பவர்களிடம் 2010இல் நடத்திய கருத்துக்கணிப்பில், பதிலளித்த 439 பேரில் 55.6 விழுக்காட்டினர் அந்த இயந்திரம் ஓடும்போது கைப்பேசியைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் செவிலியர்கள் மருந்து கொடுப்பதைப் பக்கத்தில் நின்று கவனித்த ஓர் ஆய்வு, ஒவ்வொரு குறுக்கீடும் மருந்து சார்ந்த தவறுகளைச் சுமார் 12 விழுக்காடு கூட்டுகிறது என்று 2010இல் காட்டியது. குறுக்கீடு என்றால் போன் மட்டுமல்ல, உறவினரின் கேள்வியும், சக ஊழியரின் அழைப்பும்கூடத்தான். என்றாலும் சட்டைப் பையில் அதிரும் போனைப்போல் விடாப்பிடியான குறுக்கீடு வேறில்லை. மருந்தை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு 'யார் கூப்பிட்டிருப்பார்கள்' என்ற ஒரு நொடிச் சிந்தனையே போதும், தசமப் புள்ளி இடம் மாறிவிடும். நான் மயக்க மருந்து கொடுக்கும் நாள்களில் என் போன் அரங்கின் வெளியே ஒரு பணியாளரிடம் இருக்கும். அவசரம் என்றால் அவர் வந்து சொல்வார். எல்லா மருத்துவமனைகளும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

கேமராவைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. தன் அப்பா கண் விழித்த மகிழ்ச்சியில் ஒரு பெண் அவரோடு படமெடுத்து உறவினர் குழுவில் பகிர்ந்தார். படத்தின் ஓரத்தில், திரை சற்று விலகியிருந்ததால், அடுத்த கட்டிலில் இருந்த அம்மாளின் முகமும் தெரிந்தது. தான் அங்கே சேர்க்கப்பட்டிருப்பதைத் தன் மகளிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டவர் அந்த அம்மாள். அன்று மாலையே அந்த மகள் அழுதுகொண்டே வந்து நின்றார். படமெடுத்தவரிடம் தீய எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் ஆடை விலகி, குழாய்கள் செருகி, மறுப்புச் சொல்லக்கூட முடியாமல் கிடக்கும் மனிதர்கள் நிறைந்த அறை அது என்பதை அவர் ஒரு கணம் மறந்துவிட்டார். நோயாளி உங்கள் சொந்தத் தகப்பனாராகவே இருந்தாலும், நினைவிழந்து கிடக்கும் கோலத்தில் தன்னைப் படமெடுப்பதை அவர் விரும்பியிருப்பாரா என்று எண்ணிப் பாருங்கள்.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோயாளி அறைகளில் ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அது ஏறக்குறைய ஒரு கிசுகிசுப்பின் அளவு. ஸ்பீக்கரில் ஓடும் ஒரு வீடியோ அதைப் பல மடங்கு தாண்டிவிடும். தூக்கம் கெடும் முதியவர்கள் மனக்குழப்பத்துக்கு ஆளாகிக் குழாய்களைப் பிடுங்கிக்கொள்வதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். முழுத் தடையை நான் எதிர்க்கிறேன். தொண்டையில் துளையிட்டிருப்பதால் பேச முடியாத நோயாளிகள் போனில் தட்டச்சு செய்து வலி எங்கே என்று எங்களுக்குக் காட்டுகிறார்கள். உங்கள் போனைச் சார்ஜ் செய்த பவர் பேங்கோடு கொண்டுவாருங்கள். சுவரில் இருக்கும் பிளக் எதையும், அது சும்மா கிடப்பதுபோல் தெரிந்தாலும், செவிலியரைக் கேட்காமல் தொடாதீர்கள். நோயாளி வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை, பெயரும் மில்லிகிராமும் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து வைத்திருங்கள். இடுப்பெலும்பு முறிந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்ட ஒரு பாட்டிக்கு முதுகுத் தண்டுவட ஊசி போட நான் ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். அவர் "பிரஷர் மாத்திரை மட்டும்தான்" என்று உறுதியாகச் சொன்னார். வெளியூரில் இருந்த பேத்தி தன் போனில் இருந்த ஒரு படத்தை அனுப்பினார். அதில் பிரஷர் மாத்திரையோடு, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஒன்றும் இருந்தது. அந்த நிலையில் தண்டுவடத்தில் ஊசி போட்டிருந்தால் உள்ளே இரத்தம் கட்டிக் கால்கள் செயலிழந்திருக்கக்கூடும். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, மயக்கம் கொடுக்கும் முறையை மாற்றினோம்.