அப்போலஜெட்டிக்ஸைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிக் கேள்வி எழும்போது காரணம் காட்டி விளக்குவதற்குத்தான் அப்போலஜெட்டிக்ஸ் என்று பெயர். சபை வாலிபர் கூட்டங்களில் இந்தச் சொல் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. எங்கள் ஞாயிறு வகுப்பில் முதல்முறை சொன்னபோது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "நாம் எதற்கு அண்ணா மன்னிப்புக் கேட்க வேண்டும்?" அப்பாலஜி என்றால் அவனுக்கு 'சாரி'தான். நியாயமான கேள்வி.

மூலச் சொல் கிரேக்கத்தின் 'அப்போலொகியா'. அது நீதிமன்றச் சொல். வழக்குத் தொடுத்தவர் பேசி முடித்ததும், குற்றம் சாட்டப்பட்டவர் எழுந்து தன் பக்கத்தைச் சொல்கிறாரே, அந்தப் பேச்சுக்குத்தான் இந்தப் பெயர். கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் பேசியது அப்போலொகியா. அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. வருத்தம் தெரிவிப்பது என்ற பொருள் ஆங்கிலத்தில் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல்லுக்குப் பேர்போன இடம் 1 பேதுரு 3:15. உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல" ஆயத்தமாயிருங்கள் என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. இங்கேதான் பிள்ளைகள் இரண்டாவது முறை தடுக்கி விழுகிறார்கள். உத்தரவு என்றால் இன்று கட்டளை, கலெக்டர் போடுவது. 'உத்தரம்' என்ற வடசொல்லின் வழியே பதில் என்ற பொருள் அதற்கு இருந்தது நமக்கு மறந்துபோய்விட்டது. கேட்பவருக்குப் பணிவாகப் பதில் சொல்லச் சொன்ன வசனம், இன்றைய காதில் அதிகாரம் பண்ணச் சொன்னதுபோல விழுகிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'விடையளிக்க' என்று தெளிவாகப் போட்டிருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'தற்காப்பு வாதம்' என்கிறார்கள் சிலர். எனக்கு அது பிடிக்கவில்லை. கராத்தே வகுப்பு ஞாபகம் வருகிறது, எதிரே இருப்பவர் எதிரி ஆகிவிடுகிறார். 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் இருந்த இயேசு சபைத் துறவி, 'தத்துவ போதகர்' எனப்பட்ட ராபர்ட் டி நொபிலி, இந்த வகையில் எழுதிய தம் நூலுக்குத் 'தூஷண திக்காரம்' என்று பெயர் வைத்தார். பழிச்சொல்லுக்கு மறுப்பு என்று பொருள். அதுவும் மோதல் தொனிதான். நீதிமன்ற வாசனை அப்படியே வேண்டுமென்றால் 'வழக்குரை' இருக்கிறது. கண்ணகி பாண்டியன் அவையில் நின்று பேசிய காதைக்கு வழக்குரை காதை என்றே பெயர். ஆனால் வகுப்பறைக்கும் கைபேசிக்கும் நான் கைகாட்டுவது 'மறுமொழி'. ஒருவர் கேட்டால்தான் மறுமொழி உண்டு. அந்தக் கேட்பவர் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

பெயரை மாற்றியதும் பிள்ளைகள் எடுக்கும் வீடியோவும் மாறியதைக் கண்ணால் பார்த்தேன். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு நிமிட ரீல்ஸுக்கு எழுதி வந்திருந்தாள். "கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே" என்று தொடங்கி, இடையில் ஐந்து வசனம், கடைசியில் இரட்சிப்பு. "இது யார் கேட்டதற்கு மறுமொழி?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: பக்கத்து பெஞ்சுத் தோழியின் பாட்டிக்குப் புற்றுநோய்; 'உங்க சாமி நல்லவர்னா ஏன் இப்படி?' என்று அவள் கேட்டாளாம்.

அந்தக் கேள்வியையே முதல் வரியாக வைக்கச் சொன்னேன். தோழிக்குப் புரியாத சொல்லையெல்லாம் அவளே அடித்தாள். வசனத்தைக் குறைக்கத்தான் தயங்கினாள். அப்போஸ்தலர் 17ஐத் திறந்து காட்டினேன். ஏதென்ஸ் மக்கள் நடுவே நின்ற பவுல் பழைய ஏற்பாட்டு வசனம் ஒன்றைக்கூட எடுத்துச் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் பார்த்த பலிபீடத்தில் ஆரம்பித்து, அவர்களுக்குத் தெரிந்த புலவர்களின் வரியைச் சொல்லிப் பேசினார். கடைசியில் அவள் ஒரே ஒரு வசனம் வைத்துக்கொண்டாள், யோவான் 11:35: "இயேசு கண்ணீர் விட்டார்." இறந்துபோன நண்பர் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுததை நாற்பது நொடியில் சொன்னாள். பாட்டிக்கு ஏன் நோய் வந்தது என்பது தனக்குத் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

தோழி பார்த்துவிட்டு இன்னொரு கேள்வி அனுப்பியிருக்கிறாள். அதற்கான மறுமொழியைத்தான் இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.