வேகம் வேண்டும் என்று கம்ப்யூட்டரின் பவர் செட்டிங்கில் கை வைப்பவர்களுக்கு

இந்த மே மாதத்தில் மட்டும் இது நாலாவது கேஸ். கீழக்கரையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் தம்பி, ராமநாதபுரத்தில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்குக் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, கரண்ட் போனா யுபிஎஸ் தாங்கவே மாட்டேங்குது. பேட்டரிய ரெண்டு தடவ மாத்திட்டேன். நேத்து ஒரு நிக்காஹ் வீடியோவோட ப்ராஜெக்ட் ஃபைலே போயிடுச்சு."

பக்கத் தகட்டைக் கழற்றினேன். பிராசசரின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்கின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஃபேன் இறக்கையில் தூசி பொடியாக இல்லை, விரலில் ஒட்டும் களிம்பாக இருந்தது. நம் கடலோரத்தில் எந்தக் கேபினட்டைத் திறந்தாலும் இதே கதைதான். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரத்தில் தூசி ஒட்டும். துடைத்து, பிராசசர் மேல் பூசும் பேஸ்டை மாற்றி, ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்கும் வேலை) ஓட்டிப் பார்த்தேன். பத்து நொடிக்குள் மறுபடியும் பிராசசர் சூடு 100 டிகிரி. மதர்போர்டின் அடிப்படை செட்டிங் இருக்கும் பயாஸுக்குள் போனால் பவர் லிமிட் என்ற இடத்தில் 4096 வாட் என்று இருக்கிறது. லிமிட்டே இல்லை என்பதற்கு மதர்போர்டு கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் எண் அது.

"இத யாருப்பா வச்சது?"

"நான்தாண்ணே, வீடியோ பாத்து வச்சேன். காக்கா, அதான் எங்க அண்ணன், துபாய்லேருந்து கொண்டாந்த பிராசசர், முழு வேகம் எடுக்கணும்ல. விண்டோஸ்லயும் ஹை பெர்ஃபார்மன்ஸ் போட்டுட்டேன்."

இந்த ஹை பெர்ஃபார்மன்ஸ் விஷயத்தை எத்தனை பேருக்குத்தான் சொல்வது! சரி, மறுபடியும் சொல்கிறேன். விண்டோஸ் பவர் பிளானில் பேலன்ஸ்டு என்பது பாதி வேகம் இல்லை. பேலன்ஸ்டில் இருக்கும்போதும் வேலை வந்தால் பிராசசர் தன் முழு டர்போ வேகத்துக்கும், அதாவது தேவைப்படும்போது எடுக்கும் உச்ச வேகத்துக்கும், போகும். பவர் பிளானின் அட்வான்ஸ்டு செட்டிங்கைத் திறந்து நீங்களே பாருங்கள். இரண்டிலும் பிராசசரின் அதிகபட்ச நிலை 100 சதவீதம்தான். மாறுவது குறைந்தபட்ச நிலை. பேலன்ஸ்டில் அது பெரும்பாலும் 5 சதவீதம், ஹை பெர்ஃபார்மன்ஸில் 100. அதாவது, வேலை இல்லாதபோதும் பிராசசர் வேகத்தைக் கீழே இறக்காதே என்று சொல்கிறீர்கள். கரையில் கட்டிப்போட்ட விசைப்படகின் இன்ஜினை முறுக்கிவிட்டு வைத்தால் மீன் கூடுதலாகவா கிடைக்கும்? முன்பெல்லாம் வேகம் ஏற கொஞ்சம் நேரம் பிடித்தது, அப்போது இதற்கு ஓரளவு அர்த்தம் இருந்தது. 2015-இல் வந்த ஸ்கைலேக் தலைமுறையிலிருந்து இன்டெல் பிராசசர் தன் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது, சில மில்லிநொடிகளில். உங்கள் விரல் கீபோர்டிலிருந்து எடுபடுவதற்குள் அது மேலே போய்விடும்.

அல்டிமேட் பெர்ஃபார்மன்ஸ் என்ற இன்னொரு பவர் பிளானும் இதன் அண்ணன்தான். அதைத் தேடிப் பிடித்துப் போடாதீர்கள்.

இப்போது அந்த 4096-க்கு வருகிறேன். உண்மையான கெடுதல் அங்கேதான். தம்பியுடைய பிராசசரின் அடிப்படை 125 வாட், டர்போவில் 253 வரை போகும். கிராஃபிக்ஸ் கார்டு 115. மானிட்டர், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்ந்து ஒரு 60. மொத்தம் 428, கேபினட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் ஆகும் இழப்பு தனி. அவரிடம் இருந்தது 600 விஏ யுபிஎஸ். அது தாங்குவது 360 வாட். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் யுபிஎஸ் ஓவர்லோடில் கட் ஆகத்தான் செய்யும். பேட்டரி மேல் குற்றமே இல்லை, இரண்டு பேட்டரிக் காசு வீண்.

நீண்ட நேரத்துக்கான பவர் லிமிட் பிஎல்1, கொஞ்ச நேர டர்போவுக்கான பிஎல்2 இரண்டையும் 125 வாட்டில் வைத்தேன். சூடு 80-க்குள் நின்றது. 22 நிமிடம் எடுத்த ரெண்டர் 24 நிமிடம் ஆனது, அவ்வளவுதான். கடைசிக் கொஞ்ச வேகத்துக்காகத்தான் வோல்டேஜ் ஏறுகிறது. வோல்டேஜ் ஏறினால் வாட் அதன் வர்க்கத்தில் ஏறும். அப்புறம் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தோம். யுபிஎஸ் தாங்கியது, ரெண்டரும் ஓடியது. தம்பி என் முகத்தையே பார்த்தார்.

வீடியோவில் காட்டும் சோதனையெல்லாம் 20, 25 டிகிரி ஏசி அறையில் நடப்பது. பாம்பனிலோ மண்டபத்திலோ ஓட்டுக்கூரைக் கடைக்குள் மே மாத மத்தியானம் 35-க்கு மேல். எந்த ஏர் கூலரும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது. அங்கே 80 காட்டினால் இங்கே 90-க்கு மேல் காட்டும், உப்புக் களிம்பு அடைத்தால் இன்னும் மேலே.

எனவே இதைச் செய்யுங்கள். விண்டோஸில் பேலன்ஸ்டு, அதோடு கையை எடுத்துவிடுங்கள். புது போர்டில் முதல் தடவை பயாஸ் திறக்கும்போது என்ன கூலர் என்று கேட்டால் இருப்பதைச் சொல்லுங்கள். பவர் லிமிட் பெரிய எண்ணாக வரும் என்று இல்லாத வாட்டர் கூலரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் வைத்திருந்தால் பயாஸை அவசியம் அப்டேட் செய்யுங்கள். வோல்டேஜ் அதிகமாகி அந்த பிராசசர்கள் கெட்டதற்கு 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் சின்ன ப்ரோக்ராம்) திருத்தம் கொடுத்தது, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. அப்டேட் முடிந்ததும் இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ் என்பதையே தேர்ந்தெடுங்கள். ஏஎம்டியின் ரைசன் பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு வாட்டைக் குறைக்கும் ஈகோ மோடு இருக்கிறது. ரைசன் 7950எக்ஸ் சாக்கெட்டில் 230 வாட் வரை இழுக்கும், 65 வாட் என்று பெயர் போட்ட ஈகோ மோடில் 88-தான். ரைசன் 7000 வரிசை 95 டிகிரி காட்டினால் பதறவும் வேண்டாம், அது அந்தச் சூட்டிலும் ஓடும்படி வடிவமைத்ததுதான்.

பில் போடும் கடை, இ-சேவை மையம் என்றால் பயாஸ் பக்கமே போக வேண்டாம். பவர் பிளானில் அதிகபட்ச நிலையை 99 ஆக்கினாலே பெரும்பாலான பிராசசர்களில் டர்போ நின்றுவிடும், அந்த வேலைக்கு அதுவே தாராளம். எடிட்டிங் செய்பவர்கள் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அங்கே டர்போ வேண்டும்.

தயவுசெய்து ஒன்று. எதை மாற்றினாலும், மாற்றுவதற்கு முன் இருந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, தேதியும் போட்டு, கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் முதலில் அதைத்தான் தேடுவார்.